கப்பி செய்த 45 எந்திரங்கள்

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களிடம் கப்பி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் பெயர்தான் மாறும். ராட்டினம் என்பார்கள், சகடை என்பார்கள், உருளை என்பார்கள். விளிம்பில் பள்ளம் வைத்த ஒரு சக்கரம், அதைத் தாங்க ஒரு கூடு, குறுக்கே ஓர் அச்சு. மொத்தமே மூன்று உருப்படி. இந்த மூன்றையும் செய்வதற்காக, 1802-இல் தொடங்கிச் சில வருஷங்களுக்குள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் 45 எந்திரங்களை நிறுத்தினார்கள். அவை மொத்தம் 22 வகை. இரும்பு எந்திரங்களை வரிசையாக வைத்து ஒரே பொருளை லட்சக்கணக்கில் செய்த முதல் தொழிற்சாலை இதுதான் என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்கள்.

மாஸ் ப்ரொடக்‌ஷன் என்றால் நமக்கெல்லாம் ஹென்றி ஃபோர்டும் கார்களும்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே ஒரு மரச்சாமானில் அது நடந்து முடிந்துவிட்டது. இந்தப் பழைய மரவேலை எந்திரங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, இது நம் ஆபீஸ் கதை மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரு கப்பலுக்கு ஆயிரம்

கப்பல்காரர்களுக்கு எதற்கு இத்தனை கப்பி? பாய்மரக் கப்பலில் எஞ்சின் கிடையாது. பாயை ஏற்றுவது, இறக்குவது, காற்றுக்குத் தகுந்தபடி திருப்புவது எல்லாமே கயிற்றால் நடக்க வேண்டும். பீரங்கியை இழுத்து நிறுத்தவும் கயிறுதான். கயிறு இருக்கும் இடத்தில் எல்லாம் கப்பி இருக்கும். 74 பீரங்கி கொண்ட ஒரு நடுத்தரப் போர்க்கப்பலுக்கு ஏறக்குறைய ஆயிரம் கப்பிகள் வேண்டும். அவை தேயும், உடையும், கடலில் விழும். நெப்போலியனோடு சண்டை நடந்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் கப்பிகள் தேவைப்பட்டன.

கையால் செய்வது லேசான வேலை இல்லை. கூடு எல்ம் மரத்தில் செய்வார்கள். உள்ளே சுற்றும் சக்கரத்துக்கு லிக்னம் வைட்டே என்ற மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம், கல் மாதிரி இறுக்கம். அதோடு அந்த மரத்திலேயே ஒரு பிசின் எண்ணெய் இருப்பதால் தனியாக மசகு போடாமலே வழுக்கிக்கொண்டு சுற்றும். இந்த மரத்தை வட்டமாக அறுத்து, சரியான மையத்தில் துளை போட்டு, கூட்டில் உளியால் நீளத் துளை பொளிந்து, சக்கரம் இரண்டு பக்கமும் உரசாமல் உட்கார வைக்க வேண்டும். மையம் கொஞ்சம் தப்பினாலும் கயிறு சிக்கும். புயலில் கயிறு சிக்கினால் பாய் இறங்காது. பாய் இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடற்படைக்குக் கப்பி கொடுத்துவந்தவர்கள் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டெய்லர் குடும்பத்தார். அவர்களும் பழமைவாதிகள் இல்லை. வட்ட ரம்பம், தண்ணீரால் ஓடும் எந்திரம் எல்லாம் அவர்களிடம் முன்பே இருந்தன. ஆனாலும் பல கட்டங்களில் ஆசாரியின் கையும் கண்ணும்தான் வேலையை முடித்தன.

சிறைக்காக யோசித்த எந்திரம்

இந்த இடத்தில் சாமுவேல் பெந்தம் என்பவர் வருகிறார். தத்துவ வகுப்பில் பெயர் அடிபடும் ஜெரமி பெந்தமின் தம்பி. பொறியாளர். 1780-இல் ரஷ்யாவுக்குப் போய், இளவரசர் பொட்டெம்கினிடம் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைய பெலாரஸில் இருக்கும் கிரிச்செவ் என்ற இடத்தில் பொட்டெம்கினின் பண்ணைகளையும் பட்டறைகளையும் கவனித்துக்கொண்டார். அங்கே அவருக்கு ஒரு தலைவலி. வேலையாட்கள் நிறையப் பேர், வேலை தெரிந்தவர்களோ கொஞ்சம் பேர். நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் சுற்றியுள்ள எல்லோரையும் பார்க்கக்கூடிய வட்டமான ஒரு பட்டறை கட்டினால் என்ன என்று அவருக்கு யோசனை வந்தது. 1786-இல் தம்பியைப் பார்க்கப் போன அண்ணன் ஜெரமி, அந்த யோசனையை எடுத்துச் சிறைச்சாலைக்குப் பொருத்தினார். பனாப்டிகான் என்று இன்றும் பேசப்படுவது அதுதான்.

இங்கிலாந்துக்குத் திரும்பிய சாமுவேல் 1791-லும் 1793-லும் மரவேலை எந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கினார். இழைப்பது, அறுப்பது, துளை போடுவது, வளைவாகச் செதுக்குவது என்று ஏறக்குறைய எல்லா வேலையையும் எந்திரத்தால் செய்யும் வழிகள் அவற்றில் இருந்தன. அண்ணனின் வெஸ்ட்மின்ஸ்டர் வீட்டிலேயே எந்திரங்களைச் செய்யவும் ஆரம்பித்தார்கள். யாருக்காக? பனாப்டிகான் சிறைக் கைதிகளுக்காக. கைதிகளுக்குத் தச்சுவேலை தெரியாது. கற்றுக்கொடுக்க வருஷக்கணக்காகும். அதனால் வேலை தெரியாதவனும் நல்ல சாமான் செய்யும்படி எந்திரம் இருக்க வேண்டும்.

எனக்கு இந்த இடம்தான் இந்தக் கதையின் சாவி. ஆசாரியின் கைக்கு உதவியாக என்ன செய்யலாம் என்ற கேள்வியிலிருந்து இந்த எந்திரங்கள் பிறக்கவில்லை. ஆசாரியே இல்லாமல் எப்படிச் செய்யலாம் என்ற கேள்வியிலிருந்து பிறந்தன.

பெந்தம் சகோதரர்கள் நினைத்த அந்தச் சிறை கட்டப்படவே இல்லை. ஆனால் சாமுவேல் 1796-இல் கடற்படைப் பணிகளின் தலைமை ஆய்வாளர் ஆனார். 1799-இல் போர்ட்ஸ்மவுத்தில் நீராவி எஞ்சினை நிறுத்தினார். உலர் துறையிலிருந்து தண்ணீர் இறைக்க ஓட்டும் எஞ்சினை மற்ற நேரத்தில் மரம் அறுக்கவும் பயன்படுத்தலாம் என்பது அவர் கணக்கு. இந்தச் சமயத்தில்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் வரைபடங்களோடு வந்து நின்றார்.

வெளியூர்க்காரரும் சம்பள உயர்வு கேட்டவரும்

மார்க் இஸம்பார்ட் புருனெல். 1769-இல் நார்மண்டியில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியில் அரசர் பக்கம் பேசியதால் 1793-இல் தப்பி அமெரிக்கா போனார். நியூயார்க் நகரின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1799-இல் இங்கிலாந்துக்கு வந்து, அங்கே காத்திருந்த காதலியைக் கல்யாணம் செய்துகொண்டார். கப்பி செய்யும் எந்திரங்களுக்கான யோசனையை முதலில் டெய்லர் குடும்பத்திடம்தான் கொண்டுபோனார். இருப்பதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை, மறுத்துவிட்டார்கள். புருனெல் 1801-இல் காப்புரிமை எடுத்தார், பெந்தம் அரசாங்கத்திடம் சிபாரிசு செய்தார். டெய்லர் குடும்பத்தின் கப்பி ஒப்பந்தம் அதோடு முடிந்தது.

காகிதத்தில் இருந்த எந்திரத்தை இரும்பில் செய்தவர் ஹென்றி மாட்ஸ்லே. 1771-இல் வூல்விச்சில் பிறந்தவர். பூட்டுக்குப் பேர் போன ஜோசப் பிராமாவின் பட்டறையில் முதன்மை வேலைக்காரராக இருந்தார். வாரச் சம்பளம் 30 ஷில்லிங். குடும்பம் பெரிதாகிறது, கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். பிராமா மறுத்தார். மாட்ஸ்லே வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார். கொஞ்ச நாளில் புருனெலின் வேலை அவரிடம் வந்தது. சம்பள உயர்வு தராமல் ஆளை இழந்த முதலாளிகளின் பட்டியலில் பிராமாவுக்கு நிச்சயம் முன்வரிசையில் இடம் உண்டு :-)

எந்திரங்கள் செய்த வேலை

இனி ஒரு கப்பியோடு கூடவே நடந்து பார்ப்போம்.

எல்ம் மரத்துண்டை வட்ட ரம்பம் அளவாக அறுக்கும். அடுத்த எந்திரம் அதில் இரண்டு வகைத் துளை போடும். ஒன்று அச்சுக்கு, இன்னொன்று உளி இறங்குவதற்கு. மூன்றாவதுதான் அழகு. மேலும் கீழும் போய்வரும் ஒரு உளி, நம்ம தையல் மெஷினின் ஊசி மாதிரி. உளி மேலே போகும் ஒவ்வொரு தடவையும் கட்டை ஒரு நூல் நகரும். உளி இறங்கும்போது கொஞ்சம் மரம் வெட்டுப்படும். தேவையான நீளம் முடிந்ததும் நகர்வது தானாக நின்றுவிடும். எங்கே நிறுத்துவது என்று ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிறகு நான்கு மூலைகளையும் ரம்பம் சீவும். அடுத்தது வடிவம் கொடுக்கும் எந்திரம். இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவே பத்துக் கட்டைகளை ஒரே நேரத்தில் பிடித்துச் சுற்றும். வெட்டும் உளி ஓர் இரும்பு வளைவைத் தொட்டபடியே நகரும். அந்த வளைவு எப்படியோ அப்படியே பத்துக் கட்டையும் வளையும். ஒரு பக்கம் முடிந்ததும் பத்துக் கட்டைகளும் கால் சுற்றுத் திரும்பும், அடுத்த பக்கம் தொடங்கும். கடைசியாக வெளியே கயிறு உட்காரும் பள்ளம்.

இன்னொரு வரிசையில் லிக்னம் வைட்டே சக்கரம் தயாராகும். அறுப்பது, வட்டமாக்குவது, நடுவில் வெண்கலப் பூண் உட்காரும் குழியைக் குடைவது, விளிம்பில் பள்ளம் கடைவது, எல்லாவற்றுக்கும் தனித்தனி எந்திரம். மூன்றாவது வரிசையில் இரும்பு அச்சு.

கவனியுங்கள். எங்கே நிறுத்துவது, எவ்வளவு ஆழம், என்ன வளைவு, மையம் எங்கே என்பதெல்லாம் அதுவரை ஆசாரியின் கையில் இருந்த விஷயங்கள். பத்துப் பதினைந்து வருஷம் உளி பிடித்து வந்த ஞானம். இப்போது அது இரும்பு வளைவாகவும் தடுப்புக் கட்டையாகவும் எந்திரத்துக்குள் போய்விட்டது. நம் பாஷையில் சொன்னால், கையிலிருந்து இரும்புக்கு ஒரு 'நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர்'. கே.டி. கொடுத்துவிட்டுக் கிளம்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும்.

1805 செப்டம்பரில், ட்ரஃபால்கர் போருக்குக் கப்பல் ஏறும் அன்று காலையில் அட்மிரல் நெல்சன் இந்தத் தொழிற்சாலையைப் பார்வையிட்டார். 1808-இல் இங்கே செய்த கப்பிகள் 1,30,000.

110 பேர், 10 பேர்

இப்போது அந்தப் புகழ்பெற்ற கணக்கு. வேலை தெரிந்த 110 பேர் செய்த வேலையை, வேலை தெரியாத 10 பேர் செய்தார்கள்.

புருனெலுக்கு என்ன கூலி தருவது என்று பேச்சு வந்தபோது, எந்திரங்களால் ஒரு வருஷத்தில் எவ்வளவு மிச்சமாகிறதோ அதைத் தருவதாக முடிவானது. அது 17,000 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மிச்சம் என்று எழுதப்பட்ட அந்த ஒரு வரிக்குள் பல பேருடைய கூலி உட்கார்ந்திருந்தது. தச்சர் வீட்டில் சாப்பாட்டுச் செலவாக இருந்த பணம், கணக்குப் புத்தகத்தில் சேமிப்பாக மாறியது.

புருனெலைக் கெட்டவராக்க எனக்கு விருப்பம் இல்லை. அவருக்கும் பின்னால் நல்ல காலம் இல்லை. சிப்பாய்களின் பாதங்கள் கிழிந்துகிடப்பதைப் பார்த்து, பூட்ஸ் செய்யும் எந்திரங்களை உருவாக்கினார். போரில் ஊனமுற்ற வீரர்களை வேலைக்கு வைத்தார். 1815-இல் சண்டை முடிந்தது, அரசாங்கம் பூட்ஸ் வாங்குவதை நிறுத்தியது, சரக்கு தேங்கியது. அதற்கு முந்தைய வருஷம்தான் பாட்டர்ஸியில் இருந்த அவருடைய மர அறுவை ஆலை தீப்பிடித்து எரிந்திருந்தது. 1821-இல் கடனுக்காகச் சிறைக்குப் போனார், மனைவியும் கூடவே இருந்தார். அரசாங்கம் 5,000 பவுண்டு கொடுத்து மீட்டது. பிறகு அவர் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப்பாதை கட்டியது தனிக் கதை.

எந்திரங்கள் அவரைவிடக் கெட்டி. 1960-கள் வரை போர்ட்ஸ்மவுத்தில் அவற்றில் சிலவற்றால் கப்பி செய்துகொண்டிருந்தார்கள். இன்று சில லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன.

துப்பாக்கிக் கட்டையைக் கடைய முடியுமா?

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்திலும் இதே கதைதான், ஆள் மட்டும் வேறு. தாமஸ் பிளாஞ்சார்ட், மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர், 1788-இல் பிறந்தவர். துப்பாக்கிக் குழாயின் அடிப்பகுதி வட்டமும் பட்டையும் கலந்த வடிவம். அதைக் கடைவதற்கு 1818 வாக்கில் ஒரு எந்திரம் செய்தார். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில் அதைக் காட்டியபோது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். குழாய் கடைபவர் ஒருவர், என் வேலை போச்சு என்று புலம்பினாராம். மரக்கட்டை செய்யும் இன்னொருவர், என் வேலை எங்கேயும் போகாது, துப்பாக்கிக் கட்டையை எவனாலும் கடைய முடியாது என்றாராம். அது பிளாஞ்சார்ட் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்து, பிரிம்ஃபீல்டு ஊருக்குள் போகும்போது கிடைத்துவிட்டது என்று கத்தினாராம்.

அந்த மரத்தச்சர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசல் எந்திரத்தில் உருண்டையாக இருப்பதைத்தான் கடையலாம். பம்பரம், கட்டில் கால், உலக்கை மாதிரி. துப்பாக்கிக் கட்டை ஓரிடத்தில் தட்டை, ஓரிடத்தில் வளைவு, ஓரிடத்தில் ஒல்லி. பிளாஞ்சார்ட் செய்த தந்திரம் இதுதான். ஏற்கெனவே செய்த ஒரு கட்டையை மாதிரியாக ஒரு பக்கம் பொருத்தினார். இன்னொரு பக்கம் செதுக்காத மரம். இரண்டும் ஒன்றாக மெதுவாகச் சுற்றும். மாதிரியை ஒரு சிறிய சக்கரம் தடவிக்கொண்டே போகும். அது எவ்வளவு உள்ளே போகிறதோ, அந்தப் பக்கம் வேகமாகச் சுற்றும் வெட்டுச் சக்கரமும் மரத்துக்குள் அவ்வளவே போகும். தெருமுனையில் டூப்ளிகேட் சாவி போடுபவரிடம் இருக்கிறதே ஒரு எந்திரம், அதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்துக் கடையும் எந்திரம் அதற்கு முன்பும் உண்டு. ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டருக்காக ஆந்த்ரேய் நார்த்தோவ் என்ற கைவினைஞர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்திருக்கிறார். தந்தத்திலும் பித்தளையிலும் உருவங்கள் கடைவது பீட்டரின் பொழுதுபோக்கு. அரசருக்கு விளையாட்டாக இருந்ததைப் பிளாஞ்சார்ட் தொழிலாக்கினார். 1820-களின் நடுவில் ஸ்பிரிங்ஃபீல்டில் அவருடைய 14 எந்திரங்கள் வரிசையில் நின்று, கட்டை செய்யும் வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. 1853-இல் அமெரிக்கா போய்ப் பார்த்த பிரிட்டிஷ் பொறியாளர் விட்வொர்த், ஒரு கட்டையை முடிக்க 22 நிமிடம்தான் ஆகிறது என்று அறிக்கை எழுதினார். பிரிட்டன் அதே எந்திரங்களை என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு வாங்கிப் போட்டது.

இந்த எந்திரத்தின் மற்ற உபயோகங்கள்தான் எனக்கு இன்னும் சுவாரஸ்யம். கோடாலிப் பிடி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், தொப்பி அச்சு, எல்லாவற்றுக்கும் மேலே செருப்பு அச்சு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'லாஸ்ட்' என்றால் தெரியும். இடது கால், வலது கால் என்று தனித்தனி அச்சுகள் மலிவாகக் கிடைக்க இந்த எந்திரம் ஒரு முக்கியக் காரணம். 1848-இல் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்டுப் போன பிளாஞ்சார்ட், வெப்ஸ்டர், க்ளே போன்ற தலைவர்களின் மார்பளவுச் சிலைகளை எந்திரத்தில் கடைந்து வாஷிங்டனில் வைத்துவிட்டார். நீட்டிப்பு கிடைத்தது!

மிதித்து ஓட்டிய ரம்பம்

எல்லா எந்திரமும் ஆசாரியை வெளியே அனுப்பவில்லை. அதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு.

1870-களில் அமெரிக்காவில் நீராவி ஆலைகள் கதவு, ஜன்னல்களைக் குவித்தன. சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருந்த தச்சர்களால் போட்டி போட முடியவில்லை. அந்தச் சமயத்தில் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் பார்ன்ஸ் சகோதரர்கள் காலால் ஓட்டும் எந்திரங்களை விற்க ஆரம்பித்தார்கள். சைக்கிள் சீட்டு மாதிரி ஒன்றில் உட்கார்ந்து பெடலை மிதித்தால், முன்னால் இருக்கும் மெல்லிய ரம்பம் மேலும் கீழும் போகும். இரண்டு கையும் சும்மா இருப்பதால் மரத்தை எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பூவேலை அறுக்கலாம். கடைசல், அறுவை, துளை போடுவது என்று எல்லாவற்றுக்கும் மிதி எந்திரங்கள் இருந்தன. கரி வேண்டாம், கொதிகலன் வேண்டாம், பெரிய முதல் வேண்டாம். இங்கே எந்திரம் தந்தது வேகம் மட்டும். கோடு போடுவதும், மரத்தின் ஓட்டம் பார்ப்பதும், எங்கே நிறுத்துவது என்பதும் ஆசாரியிடமே இருந்தன.

இதே மாதிரி ஒன்றை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், அறுபது கிலோமீட்டரில் சன்னபட்டணம். பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்க வண்டியை நிறுத்தாத குடும்பம் குறைவு. வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுற்றவிட்டு, அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளக்கும். முன்பு வில்லால் இழுத்துச் சுற்றினார்கள், பிறகு மோட்டார் வந்தது. மோட்டார் வந்தும் அரக்கை எவ்வளவு அழுத்துவது என்பது விரலில்தான் இருக்கிறது. அம்பாசமுத்திரம் மரச்சொப்பு கடைபவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி

எந்திரம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. கப்பி தரமாக இருந்ததால் எத்தனையோ மாலுமிகள் பிழைத்திருப்பார்கள். அச்சு மலிவானதால் ஏழைக்கும் காலுக்குப் பொருந்தும் செருப்பு கிடைத்தது. இதையெல்லாம் மறுக்க முடியாது.

ஆனால் ஒரு எந்திரம் வரும்போது அதை யார், யாரை மனசில் வைத்துச் செய்தார்கள் என்று கேட்கலாம். போர்ட்ஸ்மவுத் எந்திரத்துக்குப் பின்னால் இருந்த பெந்தமின் யோசனையில், முன்னால் நின்றவன் வேலை தெரியாத கைதி. பார்ன்ஸ் எந்திரத்தின் சீட்டில் உட்கார்ந்தவர் வேலை தெரிந்த தச்சர். இரண்டும் இரும்புதான், இரண்டும் மரம்தான் அறுத்தன. முதலாவது தொழிலை ஆளிடமிருந்து எடுத்து முதலாளியிடம் கொடுத்தது. இரண்டாவது தொழிலை ஆளிடமே விட்டுவைத்தது.

இன்று நம்மூர் மரக்கடைகளில் சி.என்.சி. ரௌட்டர் வந்துவிட்டது. கஜலக்ஷ்மி கதவு வேண்டுமென்றால் ஒரு ஃபைலைப் போட்டால் போதும், காலையில் வைத்த பலகை சாயங்காலத்துக்குள் கதவாகிவிடும். புருனெலின் இரும்பு வளைவும் பிளாஞ்சார்டின் மாதிரிக் கட்டையும்தான் இப்போது ஃபைலாக மாறியிருக்கின்றன. அந்த ஃபைலை வரைந்தது யார் என்பதுதான் விஷயம். சிற்ப வேலை தெரிந்த ஆசாரியின் மகனோ மகளோ கம்ப்யூட்டரில் வரைந்தால், அது பார்ன்ஸின் பெடல். எங்கிருந்தோ இறக்கிய ஃபைலை வைத்துப் பொத்தானை மட்டும் அமுக்க ஆள் எடுத்தால், அது போர்ட்ஸ்மவுத்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிற நமக்கும் இதே கேள்விதான். அடுத்த முறை ஆபீஸில் புதிதாக ஒரு டூல் வருகிறது என்று மெயில் வந்தால், நான் போர்ட்ஸ்மவுத்தில் நிற்கிறேனா, ராக்ஃபோர்டில் உட்கார்ந்திருக்கிறேனா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஊரில் காலால் மிதிக்கும் கடைசல் பட்டறையோ, பழைய மரவேலை எந்திரமோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதில் என்ன செய்கிறார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். வீட்டில் தச்சுவேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், அவரிடம் உளியை எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும் என்று ஒரு தடவை கேட்டுவையுங்கள்.